ஒரு துணிப்பை, சாதாரண ஷூ, 3,300 கி.மீ மலைப்பாதை... 67 வயதில் தனியாக நடந்தே கடந்த எம்மா கேட்வுட் பாட்டி! யார் இவர்?

1955-ம் ஆண்டு, செப்டம்பர் 25. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மெய்ன் மாநிலம். அங்கே கட்டாடின் என்ற மலையில் ஒரு பெண் தனியாக ஏறிக்கொண்டிருக்கிறார். வயது 67. கால் வலியால் நொண்டி நொண்டித்தான் நடக்க முடிகிறது. மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டதால் எதிரே இருப்பது சரியாகத் தெரியவில்லை. குளிர் தாங்காமல், பையில் இருந்த துணிகளை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருக்கிறார்.

கட்டாடினின் உயரம் சுமார் 1,600 மீட்டர். எண்ணாகப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. ஆனால் அடிவாரத்திலிருந்து உச்சி வரையிலான சுமார் 8 கி.மீ பாதையில் 1,200 மீட்டருக்கும் மேல் ஏற வேண்டும். பாதி தூரத்துக்கு மேல் மரங்களே கிடையாது. ஆள் உயரப் பாறைகள், அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஏற வேண்டிய இடங்கள், எப்போது திசை மாறும் என்றே தெரியாத காற்று. இன்றைக்கு நல்ல ட்ரெக்கிங் ஷூவும் ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு போகும் இளைஞர்களுக்கே இந்த ஒரு மலை ஒரு முழு நாள் வேலை.

அந்தப் பெண்மணிக்கு இது 146-வது நாள்.

அவர் பெயர் எம்மா கேட்வுட். அமெரிக்கர்களுக்கு அவர் கேட்வுட் பாட்டி. அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும் ஒரே சீசனில் தனியாக நடந்து முடித்த முதல் பெண். அதுவும் 11 பிள்ளைகளைப் பெற்று வளர்த்து ஆளாக்கி, 23 பேரக்குழந்தைகளைப் பார்த்த பிறகு!

அது என்ன அப்பலாச்சியன் பாதை?

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் தெற்கிலிருந்து வடக்காக நீளும் மலைத்தொடர்தான் அப்பலாச்சியன். அதன் முகடுகள் வழியாக மக்கள் நடந்து போக ஒரு நீண்ட பாதை வேண்டும் என்று 1921-ல் பென்டன் மெக்காய் என்பவர் யோசனை சொன்னார். தன்னார்வலர்கள் பல வருடங்கள் உழைத்து, 1937-ல் பாதை முழுமையானது. ஜார்ஜியாவில் ஆரம்பித்து மெய்னில் முடியும். மொத்தம் 14 மாநிலங்கள். எம்மா நடந்த காலத்தில் இதன் நீளம் சுமார் 2,050 மைல், அதாவது 3,300 கி.மீ. பாதை இடம் மாறி மாறி, இப்போது 3,500 கி.மீட்டரைத் தாண்டிவிட்டது.

தூரம்கூடப் பரவாயில்லை, ஏற்ற இறக்கம்தான் ஆளைக் கொல்லும். வழியில் ஏறுகிற எல்லா ஏற்றங்களையும் கூட்டினால், கடல் மட்டத்திலிருந்து எவரெஸ்ட்டை 16 தடவை ஏறியதற்குச் சமம் என்கிறார்கள். இப்போதும் முழுப் பாதையையும் நடந்து முடிக்கிறேன் என்று கிளம்புகிறவர்களில் சுமார் நான்கில் ஒருவர்தான் முடிக்கிறார்.

இதை ஒரே மூச்சில் முதன்முதலாக நடந்து முடித்தவர் ஏர்ல் ஷாஃபர். இரண்டாம் உலகப் போரில் பங்கேற்றுத் திரும்பிய இளைஞர். ஆண்டு 1948. பெண்களில் 1952-ல் மில்ட்ரெட் நார்மன் என்பவர் முழுப் பாதையையும் நடந்திருக்கிறார். ஆனால் அவர் ஒரு துணையோடு போனார். தனியாக ஒரு பெண்? 1955 வரைக்கும் யாரும் இல்லை.

பண்ணை வீட்டுப் பெண்

எம்மா பிறந்தது 1887, அக்டோபர் 25. ஓஹாயோ மாநிலத்தின் காலியா கவுண்டியில் ஒரு விவசாயக் குடும்பம். கூடப் பிறந்தவர்களோடு சேர்த்து மொத்தம் 15 பிள்ளைகள். ஒரே கட்டிலில் நான்கு பேர் படுத்துத் தூங்கும் வீடு. அப்பா உள்நாட்டுப் போரில் காலை இழந்தவர். எம்மா படித்தது எட்டாவது வரைதான். ஆனால் கையில் கிடைப்பதை எல்லாம் படிப்பார், கவிதையும் எழுதுவார். காட்டில் எந்தச் செடியைச் சாப்பிடலாம், எதை மருந்தாக்கலாம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பின்னாளில் அந்தப் படிப்புதான் சோறு போட்டது.

19 வயதில், 1907-ல் கல்யாணம். மாப்பிள்ளை பி.சி.கேட்வுட், கல்லூரிப் படிப்பு படித்த ஆசிரியர். பிறகு புகையிலை விவசாயி ஆனார். அந்தக் காலத்தில் ஒரு பண்ணை வீட்டுப் பெண்ணுக்கு இது நல்ல இடம் என்றுதான் ஊர் சொல்லியிருக்கும்.

கல்யாணமாகி சில மாதங்களிலேயே அடி ஆரம்பித்துவிட்டது.

அடுத்த முப்பது வருடங்களுக்கு மேல் அது நிற்கவே இல்லை. கர்ப்பமாக இருந்தபோதும் அடி. பல் உடைந்தது, விலா எலும்பு முறிந்தது. எதிர்த்துப் பேசினால் மனநலக் காப்பகத்தில் சேர்த்துவிடுவேன் என்று மிரட்டல். அன்றைய சட்டத்தில் ஒரு கணவன் நினைத்தால் அது நடக்கக்கூடிய காரியம் என்பதால், அந்த மிரட்டலுக்குப் பலம் அதிகம். 1924-ல் பி.சி ஒரு தகராறில் ஒருவரை அடித்துக் கொன்றே விட்டார். கொலையாகாத மரணம் என்ற பிரிவில் குற்றம் நிரூபணமானது. ஆனால் பிள்ளைகளையும் பண்ணையையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால் சிறைக்கு அனுப்பவில்லை, இறந்தவரின் மனைவிக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னார்கள். இப்படிப்பட்ட ஆளோடுதான் எம்மா தொடர்ந்து வாழ வேண்டியிருந்தது.

அடி தாங்க முடியாதபோது அவர் ஓடியது வீட்டுக்குப் பின்னால் இருந்த காட்டுக்கு. பெரும்பாலானவர்களுக்கு ராத்திரி நேரத்துக் காடு என்றால் பயம். எம்மாவுக்கு வீடுதான் பயம், காடு பாதுகாப்பு. அவருடைய பிற்கால நடையைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை விட்டுவிட்டால், மீதிக் கதை ஏதோ ஜாலியான பாட்டியின் சாகசம் மாதிரி ஆகிவிடும். அப்படித்தான் பல வருடங்கள் எழுதவும் செய்தார்கள்.

1939-ல் ஒரு நாள், சண்டை முற்றியது. அப்போது குடும்பம் மேற்கு வர்ஜீனியாவில் இருந்தது. வந்த போலீஸ்காரர் கைது செய்தது யாரை? எம்மாவை! உடைந்த பல், வீங்கிய முகத்தோடு லாக்கப்பில் இருந்தவரைப் பார்த்த அந்தச் சிற்றூரின் மேயர்தான் மனம் பொறுக்காமல் வெளியே எடுத்து, தன் வீட்டிலேயே தங்க வைத்தார். 1941-ல் விவாகரத்து கிடைத்தது. ஒரு பெண் விவாகரத்து கேட்டு வாங்குவது அமெரிக்காவிலேயே அரிதாக இருந்த காலம் அது. எம்மாவுக்கு அப்போது 53 வயது.

ஒரு பழைய பத்திரிகை செய்த வேலை

அதற்குப் பிறகான பத்து வருடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கடைசிப் பிள்ளைகளை வளர்த்தார், கிடைத்த வேலைகளைச் செய்தார். எல்லாரும் தலையெடுத்து அவரவர் வழியில் போனார்கள். முதல் முறையாக எம்மாவுக்கு யாருக்கும் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் நேஷனல் ஜியாகிரஃபிக் பத்திரிகையின் 1949-ம் ஆண்டு இதழ் ஒன்று அவர் கையில் கிடைத்தது. அதில் அப்பலாச்சியன் பாதையைப் பற்றி கலர் படங்களோடு ஒரு கட்டுரை. பாதை நன்றாகப் பராமரிக்கப்படுகிறது, ஒரு நாள் நடைக்கு ஒரு தங்கும் குடிசை இருக்கிறது, ஓரளவு ஆரோக்கியம் இருந்தால் யாரும் நடக்கலாம் என்கிற தொனியில் எழுதியிருந்தார்கள். எம்மா அதை அப்படியே நம்பிவிட்டார். இன்ஸ்டாகிராமில் ஒரு ரீல் பார்த்துவிட்டு அடுத்த வாரமே மலைக்குக் கிளம்பி மாட்டிக்கொள்கிறவர்களுக்கு இது பரிச்சயமான கதைதான்.

1954 ஜூலையில், யாரிடமும் சொல்லாமல் மெய்னுக்குப் போனார். கட்டாடின் மலையில் ஏறி, அங்கிருந்து தெற்கு நோக்கி நடக்கத் தொடங்கினார். சில நாள்களிலேயே வழி தவறியது. கண்ணாடி உடைந்தது. சாப்பாடு தீர்ந்தது. தட்டுத்தடுமாறி வந்தவரைக் கண்ட வனத்துறையினர், இந்த வயதில் இதெல்லாம் வேண்டாம் என்று புத்தி சொல்லி ஊருக்கு அனுப்பினார்கள். எம்மா திரும்பிப் போனார். தோற்றுப்போன கதையைப் பிள்ளைகளிடம்கூட மூச்சுவிடவில்லை. ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்து மறுபடியும் பணம் சேர்க்க ஆரம்பித்தார்.

அடுத்த வருடம், 1955 மே 3. இந்த முறை தெற்கு முனையான ஜார்ஜியாவின் ஓகில்தோர்ப் மலையிலிருந்து ஆரம்பம். பிள்ளைகளிடம் ஒரு வாக்கிங் போய்விட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தார். பொய் இல்லையே!

பையில் என்ன இருந்தது?

டென்ட் இல்லை. ஸ்லீப்பிங் பேக் இல்லை. மேப் இல்லை. முதுகில் மாட்டும் பேக்பேக்கே கிடையாது. டெனிம் துணியில் அவரே தைத்த ஒரு சாக்குப்பையை ஒரு தோளில் போட்டுக்கொண்டார். அதற்குள் ஒரு கம்பளி, ஒரு ரெயின்கோட், மழைக்குக் கூரையாகவும் தரையில் விரிப்பாகவும் பயன்பட பாத்ரூமில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை ஒன்று, மாற்றுத் துணி, கொஞ்சம் மருந்து. மொத்த எடை பெரும்பாலும் 9 கிலோவுக்கு உள்ளேதான். காலில் கெட்ஸ் கேன்வாஸ் ஷூ. டென்னிஸ் விளையாடப் போடுவார்களே, அந்த ரகம்.

சாப்பாடு? டப்பாவில் அடைத்த சின்ன சாசேஜ், உலர்திராட்சை, வேர்க்கடலை, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் சூப் கட்டி. வழியில் பறிக்கும் கீரையும் பழமும் கூடுதல். அடுப்பு தூக்குகிற பேச்சே இல்லை.

எடையைக் குறைத்து நடப்பது இன்று அல்ட்ராலைட் என்ற பெயரில் தனி டிரெண்டாகவே இருக்கிறது. சில கிராம் குறைவதற்காக ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறார்கள். அந்தக் கூட்டம் தங்கள் முன்னோடியாக எம்மாவைக் கொண்டாடுகிறது. அவர் காசு இல்லாமலும், இதெல்லாம் எதற்கு என்ற சந்தேகத்திலும் விட்டுவிட்டுப் போனார் என்பதுதான் நிஜமாக இருக்கும்.

ஒரு நாள் எப்படி நகர்ந்தது?

146 நாள்களுக்குக் கணக்குப் போட்டால் தினமும் சராசரியாக 22, 23 கி.மீ வருகிறது. சமதளத்தில் இல்லை, மலையில். அதிகாலையிலேயே கிளம்பிவிடுவார். பாதையைக் காட்டுவது மரங்களில் பூசியிருக்கும் வெள்ளைப் பட்டைகள்தான். பத்திரிகை சொன்ன மாதிரி எல்லாம் பாதை இருக்கவில்லை. பல இடங்களில் புதர் மண்டி, மரம் விழுந்து, பட்டைகள் அழிந்து கிடந்தன. இருக்க வேண்டிய குடிசைகளில் சில எரிந்துபோயிருந்தன, சில ஒழுகின. ஒரு பட்டையைத் தவறவிட்டால் பல கி.மீ வீண்.

சாயங்காலம் ஆனால் படுக்க இடம் தேட வேண்டும். குடிசை கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் இலைகளைக் குவித்து அதன்மேல், பிக்னிக் மேஜை மேல், யாராவது வீட்டுத் திண்ணையில். குளிர் அதிகமான ராத்திரிகளில் கற்களை நெருப்பில் சூடாக்கி, அதன்மேல் படுத்துக்கொண்டார். பாதை ஓரத்தில் வீடு தெரிந்தால் கதவைத் தட்டுவார். சிலர் உள்ளே கூப்பிட்டு, சூடாகச் சாப்பாடு போட்டு, கட்டில் கொடுத்தார்கள். சிலர் நாடோடி என்று நினைத்துக் கதவைச் சாத்தினார்கள். அழுக்குத் துணியோடு, தோளில் மூட்டையோடு வரும் வயதான பெண்ணை வேறு எப்படி நினைப்பார்கள் என்று கேட்கலாம். ஆனால் 20 கி.மீக்கு மேல் மலையில் நடந்துவிட்டு, இருட்டுகிற நேரத்தில் அந்தக் கதவு முன்னால் நின்றவருக்கு அந்தச் சமாதானம் எந்த வகையிலும் உதவாது.

வர்ஜீனியாவை நெருங்கும்போது உள்ளூர் நிருபர்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். ஒரு செய்தி வந்தது, பிறகு அது நாடு முழுக்கப் பரவியது. அவர் எங்கே இருக்கிறார் என்பதைப் பிள்ளைகளே பத்திரிகை மூலமாகத்தான் விவரமாகத் தெரிந்துகொண்டார்கள். அடுத்தடுத்த ஊர்களில் கேமராவோடு ஆள்கள் காத்திருந்தார்கள். ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகையும் எழுதியது.

எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி, ஏன் நடக்கிறீர்கள்? எம்மா ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில் சொன்னார். கணவர் எங்கே என்ற கேள்விக்கு மட்டும் ஒரே பதில், தான் ஒரு விதவை என்று. பி.சி.கேட்வுட் அப்போது உயிரோடுதான் இருந்தார். 1968-ல்தான் இறந்தார். நாடே கொண்டாடிய அந்தச் செய்திகளில் அடி, உதை, லாக்கப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல்போனதற்குக் காரணம் அதுதான். கேட்கிறவர்களுக்குச் சுவாரஸ்யமான பாட்டி வேண்டும், எம்மாவுக்கு அந்த மனிதனைப் பற்றிப் பேச விருப்பமில்லை. இரண்டும் ஒத்துப்போனது.

புயல் வந்த ஆகஸ்ட்

1955 ஆகஸ்ட்டில் கானி, டயான் என்று இரண்டு புயல்கள் ஒரு வார இடைவெளியில் அமெரிக்காவின் கிழக்குக் கரையைத் தாக்கின. வடகிழக்கு மாநிலங்களில் வரலாறு காணாத வெள்ளம், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த மழையில் எம்மா காட்டுப் பாதையில் இருந்தார். கூரை என்று சொல்ல அந்த பிளாஸ்டிக் திரைதான்.

வெர்மான்ட் மாநிலத்தில் ஓர் ஓடை பொங்கி ஓடியது, கடக்க வழி இல்லை. எம்மாவுக்கு நீச்சல் தெரியாது. வேறு யாராவது வரட்டும் என்று கரையிலேயே காத்திருந்தார். வந்தவர்கள் மலையேற வந்த இரண்டு கடற்படை இளைஞர்கள். மூவரும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, பாட்டியை நடுவில் விட்டு, தண்ணீரில் இறங்கி ஒருவழியாக அக்கரை சேர்த்தார்கள். தனியாக நடந்தார் என்று சொல்லும்போது இந்த மாதிரிக் கைகளையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மறுபடியும் கட்டாடின்

செப்டம்பரில் மெய்னுக்குள் நுழைந்தபோது உடம்பில் கிட்டத்தட்ட 13 கிலோ குறைந்திருந்தது. ஆறு ஜோடிக்கும் குறையாமல் ஷூக்கள் தேய்ந்துபோயிருந்தன. பாதமே வீங்கி ஒரு சைஸ் பெரிதாகிவிட்டது. கட்டாடினுக்கு முன்னால் வருவது, போன வருடம் அவர் தொலைந்துபோன அதே காடு. அதே மாதிரி கண்ணாடியும் உடைந்தது. வித்தியாசம் என்னவென்றால், இப்போது அவருக்குப் பின்னால் 3,000 கி.மீக்கும் மேல் நடந்த கால்கள் இருந்தன, தவறவிட்ட பட்டையைத் திரும்பிப் போய்த் தேடும் பொறுமையும் இருந்தது.

செப்டம்பர் 25 அன்று உச்சியைத் தொட்டார். அங்கே வைத்திருந்த பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். அமெரிக்கா த பியூட்டிஃபுல் என்ற தேசபக்திப் பாட்டைப் பாடினார். கேட்க யாரும் இல்லை, படம் எடுக்கவும் யாரும் இல்லை. பிறகு, ஏறிய பாறைகளில் அப்படியே இறங்க வேண்டும். மலையில் உச்சி என்பது பாதி தூரம்தானே. நொண்டுகிற காலோடு, சரியாகத் தெரியாத கண்ணோடு, இறக்கம் ஏற்றத்தைவிட மோசம். இறங்கிவிட்டார்.

அதோடு நிற்கவில்லை

டிவியில் கூப்பிட்டார்கள், குரூச்சோ மார்க்ஸ் நடத்திய பிரபல நிகழ்ச்சியிலும் கலந்துகொண்டார். பாதை மோசமாக இருக்கிறது என்று போகிற இடமெல்லாம் வெளிப்படையாகவே சொன்னார். பாதையைக் கவனித்துக்கொள்ளும் மலையேற்றச் சங்கங்களுக்கு அது கசப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அவருடைய பேச்சுக்குப் பிறகு பராமரிப்பு மேம்பட்டது, நடக்க வருகிறவர்களும் பெருகினார்கள்.

1957-ல் மறுபடியும் முழுப் பாதையையும் நடந்தார். இரண்டு முறை முழுதாக நடந்த முதல் ஆள் அவர்தான், ஆண்களையும் சேர்த்து. 1964-ல், பகுதி பகுதியாக மூன்றாவது முறையையும் முடித்தபோது வயது 76. நடுவில் 1959-ல், ஓரிகன் மாநிலத்தின் நூற்றாண்டு நிகழ்ச்சியையொட்டி மிசௌரியிலிருந்து ஓரிகனின் போர்ட்லாண்ட் வரை சுமார் 3,200 கி.மீ. 95 நாள், சாலை வழியாக, கையில் ஒரு குடை.

அவர் கிளம்பிய ஓகில்தோர்ப் மலை இப்போது பாதையிலேயே இல்லை. கோழிப் பண்ணைகளும் கட்டடங்களும் பெருகிவிட்டதால், 1958-ல் தெற்கு முனையை ஸ்பிரிங்கர் மலைக்கு மாற்றிவிட்டார்கள். 1968-ல் அப்பலாச்சியன் பாதைக்கு தேசிய இயற்கைப் பாதை என்ற சட்ட அந்தஸ்து கிடைத்தது.

எம்மா கேட்வுட் 1973, ஜூன் 4 அன்று 85 வயதில் மாரடைப்பால் இறந்தார். கணவரின் கொடுமை பற்றிய விவரங்கள் பரவலாகத் தெரியவந்தது, பென் மான்ட்கோமரி என்ற பத்திரிகையாளர் அவருடைய டைரிகளையும் பிள்ளைகளின் நினைவுகளையும் வைத்து 2014-ல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகுதான். இறந்து 41 வருடம் கழித்து.

சொந்த மாநிலமான ஓஹாயோவில், பக்கை பாதை என்ற நீண்ட நடைபாதையை உருவாக்கியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. அங்கே ஹாக்கிங் ஹில்ஸ் பகுதியில் சுமார் 10 கி.மீ நீளப் பாதைக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். 1960-களின் பிற்பகுதியில் தொடங்கி, ஒவ்வொரு ஜனவரியிலும் அந்தப் பக்கத்தில் ஒரு குளிர்கால நடை நடக்கிறது. ஆரம்ப வருடங்களில் எம்மாவே தலையில் தொப்பியோடு முன்னால் நடந்து கூட்டிப்போவார். இப்போது ஆயிரக்கணக்கில் வருகிறார்கள், உறைபனியிலும்.